0.7 மில்லிமீட்டர் தமனி: ரத்தம் கசியும் அல்சரை எண்டோஸ்கோப்பி எப்படி அடக்குகிறது?

அல்சர் என்ற சொல்லை நாம் ரொம்பச் சாதாரணமாகப் புழங்குகிறோம். காலை டிபனைத் தவறவிட்டு மதியம் நெஞ்சு எரிந்தால் "அல்சர் வந்திடுச்சு" என்கிறோம். மருந்துக் கடையில் ஒரு கேஸ் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வேலையைப் பார்க்கிறோம். அந்த எரிச்சலில் பெரும்பங்கு வெறும் அமிலத் தொந்தரவுதான். நிஜமான அல்சர் என்பது இரைப்பையின் உள்சுவரிலோ, அதை அடுத்த முன்சிறுகுடலிலோ விழுந்த குழி. பசித்த நேரத்தில் சாப்பிடாததோ மிளகாய்க் காரமோ அந்தக் குழியைத் தோண்டுவதில்லை. தோண்டுபவை முக்கியமாக இரண்டு: ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியா, அப்புறம் ஆஸ்பிரின், டைக்ளோஃபினாக், இபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள்.

குழி ஆழமாகிக்கொண்டே போய், சுவருக்குள் ஓடும் ஒரு தமனியை அரித்துவிட்டால் ரத்தம் கொட்டும். அதற்கு முன் வயிறு வலித்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. மூட்டு வலிக்கு மாதக்கணக்கில் மாத்திரை விழுங்கும் முதியவர்கள் பலருக்கு முதல் அறிகுறியே ரத்தம்தான். வாந்தி காபித்தூள் கரைத்தாற்போல வரும், அல்லது மலம் தாராகக் கறுத்து, பிசுபிசுத்து, வழக்கத்துக்கு மாறான நாற்றத்தோடு போகும். (இரும்புச் சத்து மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கறுக்கும். ஆனால் அந்தப் பிசுபிசுப்பும் நாற்றமும் இருக்காது. நிற்கும்போது கண் இருட்டிக்கொண்டு வந்தால் இந்த ஆராய்ச்சியெல்லாம் வேண்டாம், நேராக மருத்துவமனைதான்.)

இவ்வளவு ரத்தம் எங்கிருந்து வருகிறது? லண்டனில் பால் ஸ்வேனும் சக மருத்துவர்களும், மறுபடி மறுபடி ரத்தம் கசிந்ததால் வெட்டி எடுக்கப்பட்ட இரைப்பைகளை ஆராய்ந்து, 1986இல் முடிவை வெளியிட்டார்கள். குழியின் அடியில் இருந்த குற்றவாளித் தமனியின் சராசரி விட்டம் சுமார் 0.7 மில்லிமீட்டர். மேசைமேல் கிடக்கும் பால்பேனாவை எடுத்துப் பாருங்கள், அதன் முனை அநேகமாக அந்த அளவுதான்.

இத்தனை சின்னக் குழாய் தானாக அடைத்துக்கொள்ள வேண்டியதுதானே? பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது. பத்தில் எட்டுப் பேருக்கு ரத்தம் தானாகவே நின்றுவிடும். மீதி இருவரின் உடம்பில் மூன்று விஷயங்கள் எதிராக வேலை செய்கின்றன. ஒரு தமனி முழுதாக அறுந்தால் இரண்டு முனைகளும் சுருங்கி உள்ளே இழுத்துக்கொள்ளும். அல்சரில் தமனி அறுவதில்லை, பக்கவாட்டில் ஓட்டை விழுகிறது, அதனால் சுருங்க வழியில்லை. நாள்பட்ட அல்சரின் அடித்தளம் தழும்பேறி இறுகிப்போய் இருப்பதால் சுற்றியுள்ள சதையும் அதை அழுத்தி மூடாது. மூன்றாவது, அமிலம். ரத்தத் தட்டணுக்கள் ஒட்டி உறைவதற்கு அமிலமில்லாத சூழல் வேண்டும், அதாவது பிஹெச் 6க்கு மேல். இரைப்பையில் இயல்பாக இருப்பது அதற்கு எத்தனையோ மடங்கு அமிலம். போதாததற்கு, புரதத்தைச் செரிக்கும் பெப்சின், உறைந்த ரத்தத்தையும் ஒரு துண்டு இறைச்சியாகவே நினைத்துச் செரித்துவிடுகிறது.

ஆக, எண்டோஸ்கோப்பி சிகிச்சை எதிர்கொள்ளும் கேள்வி இரண்டு. அந்தப் பேனா முனை அளவு ஓட்டையை எப்படி அடைப்பது? யாருக்கு அடைக்க வேண்டும், யாரைத் தொடாமல் விட வேண்டும், எப்போது? முதல் கேள்வி பொறியியல் சார்ந்தது, அதற்கு ஓரளவு சீக்கிரமே விடை கிடைத்துவிட்டது. உயிர்களைக் காப்பாற்றியதில் பெரும்பங்கு இரண்டாவது கேள்விக்கு என்பது என் எண்ணம். அதற்கான விடைகளில் கணிசமானவை ஒரே ஊரிலிருந்து, ஏறக்குறைய ஒரே மருத்துவமனையிலிருந்து வந்தன. ஹாங்காங்கின் ஷாட்டின் பகுதியில் இருக்கும் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் மருத்துவமனை அது. 2003இல் சார்ஸ் தொற்று பரவியபோது செய்திகளில் அடிபட்ட அதே மருத்துவமனை.

அங்கே போவதற்கு முன் கருவியைப் பற்றிக் கொஞ்சம். ஒளியை வளைந்த பாதையில் கொண்டுபோக முடியும் என்பதை, மெல்லிய கண்ணாடி இழைகளைக் கட்டாகச் சேர்த்து லண்டன் இம்பீரியல் கல்லூரியில் செய்து காட்டியவர்கள் ஹெரால்ட் ஹாப்கின்ஸும், பஞ்சாபின் மோகாவில் பிறந்த நரிந்தர் சிங் கபானியும். 1954இல் 'நேச்சர்' இதழில் வந்த அந்தக் கட்டுரையைப் படித்த பேசில் ஹிர்ஷோவிட்ஸ் என்ற தென்னாப்பிரிக்க மருத்துவர், அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இரு சகாக்களோடு சேர்ந்து வளையும் இரைப்பைநோக்கியை உருவாக்கினார். 1957இல் அதை முதலில் விழுங்கிப் பார்த்தவரும் அவரேதான். அதுவரை இருந்தவை விறைப்பான, அல்லது பாதி மட்டும் வளையும் குழாய்கள். 1868இல் குஸ்மால் என்ற ஜெர்மானிய மருத்துவர் நேர்க்குழாய் ஒன்றைச் சோதிக்க, வாள் விழுங்கும் வித்தைக்காரர் ஒருவரைத்தான் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது.

பார்க்க முடிந்ததே தவிர, பல ஆண்டுகளுக்கு அதனால் நோயாளிக்குப் பெரிய லாபம் இல்லை. புண்ணைப் பார்த்துவிட்டு, "ஆமாம், கசிகிறது" என்று அறுவை மருத்துவருக்குச் சொல்லி அனுப்பினார்கள். அவர் வயிற்றைத் திறந்து தமனியைத் தைத்தார், அல்லது இரைப்பையில் ஒரு பகுதியையே வெட்டி எடுத்தார். 1970களில் தென்னிந்திய மருத்துவமனைகளின் ஆபரேஷன் தியேட்டர்களிலும் அல்சர் அறுவை அன்றாட வேலையாக இருந்தது.

பார்வைக்கு ஒரு பயன் கிடைத்தது 1974இல். எடின்பரோவைச் சேர்ந்த ஃபாரஸ்டும் சகாக்களும், கசியும் அல்சரைக் கண்ணில் படும் அடையாளங்களை வைத்துத் தரம் பிரித்தார்கள். இன்றும் எண்டோஸ்கோப்பி ரிப்போர்ட்டில் 'ஃபாரஸ்ட்' என்று எழுதி ஒரு எண் போட்டிருப்பதைக் காணலாம். ரத்தம் பீய்ச்சி அடித்தால் 1ஏ. ஊறிக் கசிந்தால் 1பி. கசிவு நின்று, குழியின் அடியில் தமனி ஒரு மொட்டுப்போல் துருத்தி நின்றால் 2ஏ. அதன்மேல் ரத்தக்கட்டி ஒட்டிக்கொண்டிருந்தால் 2பி. தட்டையான கரும்புள்ளி மட்டும் இருந்தால் 2சி. வெள்ளையாகச் சுத்தமான அடித்தளம் என்றால் 3.

இந்த எண்ணில்தான் நோயாளியின் அடுத்த மூன்று நாட்கள் எழுதியிருக்கின்றன. எதுவும் செய்யாமல் விட்டால் முதல் வகையில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தம் தொடரும், அல்லது திரும்ப வரும். துருத்திய தமனி இருந்தால் நூற்றுக்கு 40க்கு மேல். ஒட்டிய கட்டி இருந்தால் 20 சொச்சம். சுத்தமான அடித்தளம் என்றால் 5தான். எனவே 1ஏ, 1பி, 2ஏ ஆகியவற்றுக்குக் கட்டாயம் சிகிச்சை. 2சி, 3 இரண்டையும் தொடவே கூடாது, மாத்திரை கொடுத்துச் சாப்பிடவும் சொல்லலாம். 2பி தான் வாக்குவாதத்துக்குரிய இடம். தண்ணீரைப் பீய்ச்சிக் கட்டியை அகற்றி அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்பவர்களும், சும்மா இருக்கும் சங்கை ஊதுவானேன் என்பவர்களும் இன்னும் இருக்கிறார்கள்.

உள்ளே என்ன செய்கிறார்கள்?

நோயாளியை இடப்பக்கம் சாய்த்துப் படுக்கவைத்து, தொண்டையில் மரத்துப்போகும் ஸ்ப்ரே அடித்து, சுண்டுவிரலைவிடச் சன்னமான குழாயை உள்ளே விடுகிறார்கள். சாதாரண எண்டோஸ்கோப்பியில் இரைப்பை காலியாக இருக்கும். இங்கே கட்டி கட்டியாக ரத்தம் நிறைந்து கிடக்கும், அதனடியில் எங்கோ புண். அதற்காகத்தான் சில இடங்களில் அரைமணி முதல் இரண்டு மணி நேரம் முன்பு எரித்ரோமைசின் மருந்தை ஊசியாகப் போடுகிறார்கள். அது ஆன்டிபயாட்டிக்தான், ஆனால் இரைப்பையை முடுக்கிவிட்டு உள்ளிருப்பதைக் கீழே தள்ளும் ஒரு பக்கவிளைவு அதற்கு உண்டு. இங்கே தேவைப்படுவது அந்தப் பக்கவிளைவு மட்டும்.

புண் கண்ணில் பட்டதும், குழாய்க்குள் இருக்கும் சிறு துளை வழியாக ஊசியை விட்டு, பத்தாயிரத்தில் ஒரு பங்காக நீர்த்த அட்ரினலினைப் புண்ணின் நான்கு பக்கமும் ஏற்றுகிறார்கள். அட்ரினலின் ரத்தக்குழாயைச் சுருக்கும் என்பது உண்மை. ஆனால் ஏற்றிய திரவம் சதையைப் புடைக்கச்செய்து தமனியை வெளியிலிருந்து நெருக்குவதும் அதே அளவுக்கு முக்கியம். அதனால்தான் சில மில்லிகளோடு நிறுத்தாமல் தாராளமாக ஏற்றுகிறார்கள். ரத்தம் நிற்கும், அல்லது குறையும். பார்வை தெளிவாகும். ஆனால் இது தற்காலிகம். திரவம் உறிஞ்சப்பட்டதும் நெருக்கடி தளர்ந்துவிடும். அட்ரினலினோடு மட்டும் நிறுத்திக்கொள்வது போதாது என்று பல ஆய்வுகள் நிரூபித்த பிறகு, இன்னொரு முறையையும் சேர்த்தே செய்ய வேண்டும் என்பது விதியாகிவிட்டது.

அந்த இன்னொரு முறை பெரும்பாலும் வெப்பம் அல்லது கிளிப். வெப்பத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது. சூடேற்றும் கருவியின் நுனியைத் தமனிமேல் வைத்து உடனே சுட்டுவிடக் கூடாது. முதலில் அழுத்த வேண்டும். அழுத்தும்போது குழாயின் இரு சுவர்களும் ஒன்றோடொன்று ஒட்டி, உள்ளே ஓட்டம் நின்றுவிடும். அந்த நிலையில் சூடேற்றினால் சுவர்களில் உள்ள புரதம் வெந்து, பற்றவைத்தாற்போல் சேர்ந்துவிடும். அழுத்தாமல் சுட்டால் ஓடும் ரத்தமே வெப்பத்தை அள்ளிக்கொண்டு போய்விடும். ரொம்ப அழுத்தி ரொம்ப நேரம் சுட்டாலோ, சுவரிலேயே துளை விழும். கிளிப் என்பது கொடியில் துணி மாட்டும் கிளிப்பின் குட்டி வடிவம். தமனியைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும், சதையைச் சுடாது. சில வாரங்களில் தானாகக் கழன்று மலத்தோடு போய்விடும். இறுகிப்போன அடித்தளத்தில் அதைக் கடிக்கவைப்பதுதான் சிரமம். அதற்கென்று, கரடிப் பொறிபோல் பல்லுள்ள பெரிய கிளிப்பைக் குழாயின் முனையிலேயே தொப்பியாக மாட்டிக்கொண்டு போகும் முறையும் வந்திருக்கிறது. ரத்தத்தின் ஈரத்தை உறிஞ்சி மேலே ஒரு படலமாகப் படியும் பொடியும் உண்டு. அல்சரில் அதன் முதல் மனிதச் சோதனையும் ஹாங்காங்கில்தான் நடந்தது. 20 பேரில் 19 பேருக்கு ரத்தம் நின்றதாக 2011இல் எழுதினார்கள். ஓரிரு நாளில் பொடி உதிர்ந்துவிடும் என்பதால், அதை அவசரத்துக்குக் கைகொடுக்கும் வைத்தியமாகவே பெரும்பாலோர் வைத்திருக்கிறார்கள்.

ஷாட்டினில் கேட்ட கேள்விகள்

1988இல் சிட்னி சுங்கும் சகாக்களும் 68 நோயாளிகளை எடுத்துக்கொண்டார்கள். எல்லோருக்கும் எண்டோஸ்கோப்பியின்போது ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. பாதிப் பேருக்கு அட்ரினலின் ஊசி, மீதிப் பேருக்கு ஊசி இல்லை. ஊசி போடாதவர்களில் 14 பேருக்கு அவசர அறுவை தேவைப்பட்டது, போட்டவர்களில் 5 பேருக்கு மட்டும். விலை மலிவான, எந்த மருத்துவமனையிலும் கிடைக்கும் ஒரு மருந்து இதைச் செய்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

அடுத்த கேள்வி சங்கடமானது. எண்டோஸ்கோப்பியில் அடைத்த பிறகும் மறுபடி ரத்தம் வந்தால்? அறுவைதான் என்பது அன்றைய பழக்கம். ஜேம்ஸ் லாவ் குழுவினர், மறுகசிவு வந்த 92 பேரை இரண்டாகப் பிரித்து, 48 பேருக்கு மறுபடி எண்டோஸ்கோப்பியும் 44 பேருக்கு அறுவையும் செய்து பார்த்தார்கள். அந்த 48 பேரில் 35 பேருக்குக் கத்தி வைக்காமலே ரத்தம் நிலையாக நின்றது. சிக்கல்கள் அறுவைப் பக்கம் 16 பேருக்கு, எண்டோஸ்கோப்பிப் பக்கம் 7 பேருக்கு. ஆனால் அந்த 7 பேரை மறைக்காமல் பார்க்க வேண்டும். இருவருக்கு வெப்பத்தால் சுவரில் துளையே விழுந்தது. ரத்த அழுத்தம் விழுந்த நிலையில் வந்தவர்களுக்கும், புண் 2 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தவர்களுக்கும் இரண்டாம் முயற்சி தோற்கும் வாய்ப்பு அதிகம் என்றும் தெரிந்தது. 1999இல் இது வெளியான பிறகு, "ஒரு முறை தோற்றால் அறுவை" என்பது "ஒரு முறை தோற்றால் இன்னொரு முறை" என்று மாறியது. முன்சிறுகுடலின் பின்சுவரிலும், இரைப்பையின் சிறுவளைவின் மேற்பகுதியிலும் பெரிய தமனிகள் ஓடுகின்றன. அங்கே விழும் புண்கள்தான் இன்றும் எண்டோஸ்கோப்பியை ஏமாற்றுபவை. அப்போது கதிரியக்க மருத்துவர் தொடைத் தமனி வழியாக மெல்லிய குழாயை விட்டு ரத்தக்குழாயை உள்ளிருந்தே அடைப்பார். அதுவும் கைகொடுக்காவிட்டால் அறுவை.

எனக்கு இந்த வரிசையில் மிகப் பிடித்தது 2000ஆம் ஆண்டின் ஆய்வு. ஓட்டையை அடைத்தாகிவிட்டது, ஆனால் அமிலமும் பெப்சினும் உறைந்த ரத்தத்தைத் தின்றுகொண்டுதானே இருக்கும்? அமிலத்தையே நிறுத்திவிட்டால்? சிகிச்சை முடிந்த 240 பேரில் பாதிப் பேருக்கு 80 மில்லிகிராம் ஒமெப்ரசோல் ஊசியும், தொடர்ந்து மணிக்கு 8 மில்லிகிராம் வீதம் 72 மணி நேரம் டிரிப்ஸும் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு மருந்தில்லாத டிரிப்ஸ். 30 நாளில் மறுகசிவு, மருந்து பெற்றவர்களில் 6.7 சதவீதம், பெறாதவர்களில் 22.5 சதவீதம். சிகிச்சை முடிந்தும் வீட்டுக்கு அனுப்பாமல் மூன்று நாள் படுக்கவைத்து டிரிப்ஸ் ஏற்றுகிறார்களே, பில்லை ஏற்றவா என்று உறவினர்கள் முணுமுணுப்பதைக் கேட்டிருப்பீர்கள். அந்த 72 மணி நேரம் இங்கிருந்துதான் வருகிறது. மறுகசிவுகளில் பெரும்பாலானவை அந்த மூன்று நாளுக்குள்தான் நடந்தன.

இதே மருந்தை எண்டோஸ்கோப்பிக்கு முன்பே கொடுத்தால் என்ன ஆகும் என்று 2007இல் 638 பேரிடம் பார்த்தார்கள். மருந்தில்லாதவர்களில் 28.4 சதவீதத்தினருக்கு எண்டோஸ்கோப்பியில் சிகிச்சை தேவைப்பட்டது. மருந்து பெற்றவர்களில் 19.1 சதவீதத்தினருக்குத்தான். இரவோடு இரவாக அல்சர்கள் ஓரளவு தாமாகவே அடங்கத் தொடங்கியிருந்தன.

அப்படியானால் எவ்வளவு சீக்கிரம் குழாயை விட வேண்டும்? பொதுப்புத்தி சொல்வது: ரத்தம் போகிறது, உடனே விடு. 2020இல் லாவ் குழு இதையும் சோதித்தது. அபாயம் அதிகம் என்று கணிக்கப்பட்ட 516 பேர். பாதிப் பேருக்கு நிபுணரை அழைத்த 6 மணி நேரத்துக்குள், மீதிப் பேருக்கு 6 முதல் 24 மணி நேரத்துக்குள். 30 நாளில் இறந்தவர்கள், அவசரப் பக்கம் 8.9 சதவீதம், பொறுத்த பக்கம் 6.6 சதவீதம். இந்த வித்தியாசம் புள்ளியியல்படி உறுதியானதல்ல, ஆனால் அவசரத்தால் நன்மை இல்லை என்பது தெளிவு. அவசரமாகப் பார்த்தவர்களில் 60 சதவீதத்தினருக்கு உள்ளே சிகிச்சை செய்ய வேண்டிவந்தது, பொறுத்தவர்களில் 48 சதவீதத்தினருக்கு. (ரத்த அழுத்தத்தை நிமிர்த்தவே முடியாத அளவுக்குக் கொட்டுபவர்கள் இந்த ஆய்வில் இல்லை. அவர்களுக்குக் காத்திருப்பு பொருந்தாது.)

இது ஏன் என்பதற்கு, அதே ஊரில் 10,428 அல்சர் கசிவுகளைத் தொடர்ந்து கவனித்த ஜோசப் சுங் குழுவினரின் பட்டியல் ஒரு விளக்கம் தருகிறது. இறந்தவர்களில் ஏறக்குறைய 80 சதவீதம் பேர் ரத்தப்போக்கால் இறக்கவில்லை. இதயம், நுரையீரல், சிறுநீரகம், புற்றுநோய், பல உறுப்புகளின் செயலிழப்பு இவற்றால் இறந்தார்கள். அல்சரிலிருந்து ரத்தம் கசிபவர் பெரும்பாலும் ஏற்கெனவே நோயாளியான ஒரு முதியவர். நடுராத்திரியில் அரைகுறையாக நிலைப்படுத்தி, மயக்க மருந்து கொடுத்துக் குழாயை விடுவதைவிட, சலைன் ஏற்றி, ஆக்சிஜன் வைத்து, சர்க்கரையையும் இதயத்தையும் சரிபார்த்துவிட்டுக் காலையில் விடுவது அவருக்கு நல்லது.

ரத்தம் ஏற்றுவதிலும் இதே கதை. "இவ்வளவு ரத்தம் போயிருக்கே, ரெண்டு பாட்டில் ஏத்துங்க டாக்டர்" என்பது வார்டில் தினம் கேட்கும் வசனம். பார்சிலோனாவில் 921 பேரிடம் நடத்தி 2013இல் வெளியிட்ட ஆய்வில், ஹீமோகுளோபின் 7க்குக் கீழே போனால்தான் ஏற்றுவது என்ற பிரிவில் ஆறு வாரத்தில் 95 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். 9க்குக் கீழே போனதும் ஏற்றிய பிரிவில் 91 சதவீதம். இதய நோயாளிகளுக்கு வரம்பைக் கொஞ்சம் உயர்த்திக்கொள்கிறார்கள். உறைந்த ரத்தம் கரையாமல் தடுக்கும் டிரனெக்ஸாமிக் அமில ஊசி இன்னும் மோசமாகத் தோற்றது. 12,009 பேரிடம் சோதித்ததில் மரணம் குறையவில்லை, சிரைகளில் ரத்தக்கட்டி அடைப்பதும் வலிப்பும்தான் கூடின.

கடைசியாக ஆஸ்பிரின். இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடும் ஒருவருக்கு அல்சர் கசிந்தால், முதலில் செய்யத் தோன்றுவது அந்த மாத்திரையைக் குப்பையில் போடுவது. ஜோசப் சுங் குழு 2010இல் இதையும் கேள்வியாக்கியது. எண்டோஸ்கோப்பியில் ரத்தத்தை நிறுத்திய 156 பேரில் ஒரு பிரிவுக்கு உடனே ஆஸ்பிரினைத் திரும்பத் தொடங்கினார்கள், இன்னொரு பிரிவுக்குப் போலி மாத்திரை. இரு பிரிவுக்கும் அமிலத்தை அடக்கும் மருந்து உண்டு. எதிர்பார்த்தபடி ஆஸ்பிரின் பிரிவில் மறுகசிவு கூடுதல்: 10.3 சதவீதம், மற்றதில் 5.4. ஆனால் எட்டு வாரத்தில் இறந்தவர்கள் ஆஸ்பிரின் பிரிவில் 1.3 சதவீதம், நிறுத்திய பிரிவில் 12.9 சதவீதம். மறுபடி கசிந்த அல்சரை மறுபடி அடைக்க முடிந்தது. ஆஸ்பிரின் இல்லாமல் அடைத்துக்கொண்ட இதயக் குழாயையும் மூளைக் குழாயையும் அப்படித் திறக்க முடியவில்லை. அதனால்தான் இன்று ஏற்கெனவே மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்களுக்குப் பெரும்பாலும் மூன்று நாளுக்குள் ஆஸ்பிரினைத் திரும்பத் தொடங்குகிறார்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் கேஸ் மாத்திரையும் ஆஸ்பிரினும் பக்கத்துப் பக்கத்தில் எழுதியிருப்பதைப் பார்த்து, டாக்டர் தவறுதலாக எழுதிவிட்டார் என்று நினைத்து வீட்டில் ஒன்றை நிறுத்திவிடுகிறவர்கள் நிறைய. அது தவறுதலாக எழுதியது இல்லை.